ஐந்தாவது சதுர்த்தியில் வாய் பிளக்காத கொழுக்கட்டை

நேற்று இரவு ஒன்பதேகால் மணிக்கு இட்லிப் பானையின் மூடியைத் திறந்தபோது உள்ளே 11 கொழுக்கட்டைகள் பளபளவென்று உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட வாய் பிளக்கவில்லை. ஆவியில் மங்கிய கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் எண்ணினேன். 11தான். அந்தச் சந்தோஷத்தில் எழுதுகிறேன். வலது கை இன்னும் வலிக்கிறது.

தேங்காய்ப் பூரணம் கிளறுவதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அது எல்லோருக்கும் வரும். என் தகராறு முழுவதும் மேல்மாவோடு. கொழுக்கட்டையைப் போல எளிய பண்டம் இல்லை என்று சொல்கிறவர்கள் யாரும் செப்பு, அதாவது பூரணம் வைக்கிற மெல்லிய மாவுக் கிண்ணம், செய்து பார்த்தவர்கள் அல்லர் என்பது என் கட்சி. அரிசி, தண்ணீர், உப்பு, ஒரு கரண்டி நல்லெண்ணெய். நான்கே பொருள். இந்த நான்கையும் வைத்துக்கொண்டு நான்கு மாதம் தோற்றிருக்கிறேன்.

கதை போன ஆவணியில் ஆரம்பித்தது. அம்மாவுக்கு மணிக்கட்டு வலி. விநாயகர் சதுர்த்திக்கு நான் செய்கிறேன் என்று வாய் விட்டுவிட்டேன். 21 பிடித்ததில் 17 வெடித்துப் பூரணம் வெளியே வந்துவிட்டது. அப்படியே நைவேத்தியம் ஆயிற்று. பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை. அத்தை சொன்னார்.

வருஷத்துக்கு ஒரு நாள் செய்தால் கை எப்படிப் பழகும்? தேய்பிறையில் மாதாமாதம் சங்கடஹர சதுர்த்தி வருகிறதே, அதைப் பயிற்சி நாளாக வைத்துக்கொள்வது என்று தை மாதம் முடிவு செய்தேன். இதில் ஒரு சங்கடம் உண்டு. நிலா பார்த்துவிட்டுத்தான் நைவேத்தியம். அன்றைக்கு நிலா வர ஒன்பது மணி ஆகிவிடும். அதன் பிறகு தூக்கை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு மாமியின் கதவைத் தட்ட வேண்டும். மாமி பாவம், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு எழுந்து வருவார்.

தை மாதம் கடையில் பாக்கெட் மாவு வாங்கினேன். பாக்கெட்டின் பின்னால் ஒரு கப் மாவுக்கு ஒன்றேகால் கப் தண்ணீர் என்று போட்டிருந்தது. அதை நம்பியது என் தப்பு. பிசையும்போதே விளிம்பு பாளம் பாளமாக விட்டது. மாமி ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, "பூரணம் நன்றாக வந்திருக்கிறது" என்றார். கொழுக்கட்டை செய்கிறவனுக்கு இதைவிடப் பெரிய வசவு கிடையாது.

மாசியில் பச்சரிசியை ஊறவைத்து, வேட்டியில் பரப்பி நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே மில்லுக்குக் கொண்டுபோனேன். எனக்கு முன்னால் யாரோ மிளகாய் அரைத்திருக்கிறார்கள். மில்காரர் ஒரு கைப்பிடி அரிசியைப் போட்டு ஓட்டிவிட்டு, "சுத்தமாகிவிட்டது சார்" என்றார். ஆகவில்லை. வெல்லப் பூரணத்தோடு லேசான மிளகாய்க் காரம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் என் அலுவலக நண்பர்களைக் கேட்கலாம். ஒருவர் மட்டும் இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் எதைக் கொடுத்தாலும் இன்னொன்று கேட்பவர்.

பங்குனியில் மில்லே வேண்டாமென்று மிக்ஸியில் அரைத்துச் சலித்தேன். தண்ணீர் ஒன்றரைப் பங்கு. 12இல் நான்குதான் பிளந்தன. முன்னேற்றம்தான், ஆனால் ஒரே மாவில் எட்டு நன்றாக வந்து நான்கு ஏன் பிளக்க வேண்டும் என்பது மண்டையைக் குடைந்தது. அம்மாவைக் கேட்டால், "மாவு வேகவில்லை" என்றார். கொதிக்கிற தண்ணீரை ஊற்றியிருக்கிறேன், எப்படி வேகாமல் இருக்கும் என்று சண்டை போட்டேன்.

சித்திரையில் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிட்டேன். (வீட்டில் இதற்கு என்ன பேச்சு வாங்கினேன் என்பது தனிக் கட்டுரை.) அகலமான எவர்சில்வர் பேசினில் மாவு, மேலே தளதளவென்று கொதிக்கிற தண்ணீர், மரக்கரண்டியால் ஒரு கிளறு. உடனே நடுவில் குத்திப் பார்த்தேன். 68 டிகிரி. ஓரத்தில் அதற்கும் கீழே. அரிசியின் மாவுச்சத்து 70 டிகிரியை ஒட்டிய சூட்டில்தான் தண்ணீரை இழுத்து உப்பி, பசைத்தன்மைக்கு வரும். கோதுமையில் இருக்கிற குளூட்டன் அரிசியில் இல்லை. மாவை ஒன்றாகப் பிடித்து வைப்பது இந்தப் பசை ஒன்றுதான். தண்ணீர் கொதித்தது உண்மை. குளிர்ந்த மாவும் பேசினும் சேர்ந்து சூட்டைத் தின்றுவிட்டன. ஆக, பாதி வெந்த மாவையும் பாதி பச்சை மாவையும் சேர்த்துப் பிசைந்து செப்புச் செய்திருக்கிறேன். ஆவியில் வைத்ததும் பச்சையாக இருந்த இடம் தன் பங்குக்கு உப்பிப் பக்கத்தில் இருப்பதைப் பிளந்துவிடுகிறது.

அம்மா சொன்னது அதையேதான். தெர்மாமீட்டருக்கு 600 ரூபாய்.

அதே நாள் பாதி மாவை வேறு விதமாகச் செய்தேன். அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்போதே தீயைச் சிறிதாக்கி, மாவை அதில் தூவிக் கிளறி, மூடி ஐந்து நிமிஷம் விட்டேன். பிளவு குறைந்தது. ஆனால் கட்டி. மிளகளவு, கடுகளவு கட்டிகள். செப்பு மெல்லியதாகும்போது ஒவ்வொரு கட்டியும் ஓர் ஓட்டையாகிறது.

இடையில் அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. புது அரிசி ஒட்டும், பழைய அரிசி தண்ணீர் குடிக்கும். அதனால்தான் யாருடைய அளவும் யாருக்கும் ஒத்துவருவதில்லை. நான் திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் வாங்குகிறேன். "மாவுப் பச்சரிசி" என்று கேட்டு வாங்கினால் போதும், சாப்பாட்டுக்கான விலை கூடிய ரகம் இதற்கு வீண். ஒரே கடையில் ஒரே மூட்டையிலிருந்து ஐந்து கிலோ வாங்கி வைத்துக்கொண்டேன். மாதாமாதம் அரிசியை மாற்றிக்கொண்டே அளவைத் திருத்துவது சுவரே இல்லாமல் சித்திரம் எழுதுகிற வேலை.

இனி வைகாசிக்கு வருகிறேன். தஞ்சாவூர்ச் சித்தி தொலைபேசியில், "நீ ஏன் மாவாக்குகிறாய்? அரைத்துக் கிளறு" என்றார். அரைத்துக் கிளறும் முறை எனக்குத் தெரியாததல்ல. சோம்பல். ஆனால் 68 டிகிரி கணக்கு தெரிந்த பிறகு அதன் நியாயம் புரிந்தது. ஊறின அரிசியைத் தண்ணீரோடு அரைத்தால் ஒவ்வொரு துகளும் முன்கூட்டியே நனைந்திருக்கிறது. பாத்திரம் அடுப்பிலேயே இருப்பதால் சூடு இறங்க வழியில்லை.

200 கிராம் அரிசி, மூன்று மணி நேரம் ஊறல். நன்றாக வடித்துவிட்டு, 400 மில்லி தண்ணீரை அளந்து வைத்துக்கொண்டு, முதலில் அதில் கால் பங்கு மட்டும் விட்டு வெண்ணெய் போல அரைத்தேன். விரலிடுக்கில் தேய்த்தால் நறநறப்பு இருக்கக் கூடாது. எல்லாத் தண்ணீரையும் முதலிலேயே விட்டால் அரிசி மிக்ஸிக்குள் நீச்சலடிக்குமே தவிர அரைபடாது. பிறகு மீதித் தண்ணீரால் ஜாரைக் கழுவி ஊற்றிக் கரைத்து, வடிகட்டி, உப்பும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் சேர்த்தேன். பார்க்க மோர் மாதிரி இருந்தது. இதுவா கொழுக்கட்டை ஆகப் போகிறது என்று சந்தேகம் வந்தது.

அடிகனமான வாணலி. நடுத்தரத் தீ. முதல் நான்கு நிமிஷம் ஒன்றும் நடக்காது. அந்த நேரத்தில்தான் கைபேசியைப் பார்க்கத் தோன்றும். பார்க்கக் கூடாது. திடீரென்று அடியில் தயிர்க்கட்டி போல ஒரு திரள் துடுப்பில் இடறும். அந்தக் கணத்திலிருந்து கை நிற்கக் கூடாது. ஓரத்தைச் சுரண்டி நடுவுக்கு, நடுவைப் புரட்டி ஓரத்துக்கு. பாதி கஞ்சி, பாதி கட்டி என்று பார்க்கவே அருவருப்பான ஒரு நிலை வரும். கெட்டுப்போயிற்று என்று நினைத்துத் தண்ணீர் விடுவதோ அடுப்பை அணைப்பதோ கூடாது. கட்டியைத் துடுப்பால் அழுத்தி வாணலியின் சுவரில் தேய்த்துக்கொண்டே இருந்தால் ஒரு நிமிஷத்தில் எல்லாம் கூடி ஒரே பந்தாகத் துடுப்போடு சுற்றும். வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடி போல ஒரு மினுமினுப்பு வரும். விரலைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை.

அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. தீயைத் தணித்து மூடி இன்னும் இரண்டு நிமிஷம் விட்டேன். தெர்மாமீட்டர் நடுவில் 91 காட்டியது. 600 ரூபாயில் கொஞ்சம் திரும்பி வந்தது.

ஈரத் துணியால் மூடி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் எண்ணெய் தொட்டுப் பிசைந்தேன். ஆறவிட்டுப் பிசைந்தால் இவ்வளவு பாடும் வீண். எலுமிச்சை அளவு உருண்டையைக் கட்டைவிரலை உள்ளேயும் மற்ற விரல்களை வெளியேயும் வைத்துத் திருப்பித் திருப்பிச் செப்பாக்கும்போது முதல்முறையாக விளிம்பு கீறாமல் விரிந்துகொண்டே போனது. விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். விரல் நிழல் தெரிந்தது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டாம் முறை கூப்பிட்டபோது யாரும் வரவில்லை.

ஆவியில் ஏழு நிமிஷம். மேலே பளபளப்பு ஏறினால் போதும். நன்றாக வேகட்டும் என்று 15 நிமிஷம் விட்டால், பிளக்காததும் பிளந்துவிடும். திறந்ததும் எடுக்க வேண்டாம், மூன்று நிமிஷம் ஆவி போகட்டும். இல்லையென்றால் தட்டோடு தோல் உரிந்து வரும். இது போன மாதம் கற்றது.

அச்சைப் பற்றிக் கேட்பார்கள். பிளாஸ்டிக் அச்சு என்னிடம் இரண்டு இருக்கிறது, தொடுவதில்லை. அச்சில் செய்தால் தோல் தடிமனாகத்தான் வரும். பிளக்காது என்பது உண்மை, சுவரும்கூடப் பிளப்பதில்லை. எங்கள் ஊர் மலைக்கோட்டையில் விநாயகர் சதுர்த்திக்கு 150 கிலோ கொழுக்கட்டை செய்து, மேலே உச்சிப் பிள்ளையாருக்கு 75 கிலோ, கீழே மாணிக்க விநாயகருக்கு 75 கிலோ என்று படைக்கிறார்கள். மாவு, வெல்லம், எள், தேங்காய் எல்லாம் சேர்த்துத் துணியில் கட்டி ஆவியில் வேகவைப்பது அது. செப்பு என்கிற பேச்சே இல்லை. தை மாதத் தோல்விக்குப் பிறகு அந்த யோசனைக்கு நானும் கிட்டத்தட்ட வந்துவிட்டேன்.

சித்திக்கு நான்கு கொழுக்கட்டைகளை வாழையிலையில் சுற்றி, இன்று காலை பஸ்ஸில் தஞ்சாவூர் போன தம்பியிடம் கொடுத்தனுப்பினேன். ஒன்றரை மணி நேரத்தில் தோல் விறைத்துவிட்டதாம். வெந்த அரிசிமாவு ஆறினால் இறுகத்தான் செய்யும். மறுபடி இரண்டு நிமிஷம் ஆவி காட்டினால் இளகிவிடும் என்று சொன்னேன். "எனக்கே சொல்கிறாயா?" என்றார். மாமி மட்டும் இந்த முறை பூரணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. தூக்கில் இரண்டு எலுமிச்சம்பழம் போட்டுத் திருப்பிக் கொடுத்து, "இது நீ செய்ததா, அம்மா செய்ததா?" என்று கேட்டார்.

பூரணத்தைப் பற்றி அவர் கேட்காததும் நல்லதுதான். தோலில் கவனமாக இருந்ததில் பாகு இளகலாக நின்றுவிட்டது. இரண்டு கொழுக்கட்டைகளுக்கு அடி ஈரமாகிப் பழுப்பாகிவிட்டது. வெல்லத்தையும் மாற்ற வேண்டும். மஞ்சளாகப் பளிச்சென்று இருக்கிற வெல்லம் வெளுக்கப்பட்டதாக இருக்கலாம். எனக்குக் கருத்த உருண்டை வெல்லம்தான் வேண்டும். நாமக்கல் பக்கம் போகிற நண்பர் ஒருவர் பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தைச் சரக்காகப் பார்த்து வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஈரோட்டு உறவினர் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரைதான் உசத்தி, பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்துதான் போகிறது என்கிறார். பூரணத்துக்குச் சர்க்கரை சரிப்படுமா என்று ஒரு கை மட்டும் கிளறிப் பார்க்க உத்தேசம்.

உளுந்துப் பூரணம் வைத்த உப்புக் கொழுக்கட்டை ஆனியில். கார்த்திகைக்குப் பனை ஓலைக் கொழுக்கட்டை என்று திருநெல்வேலி நண்பருக்கு இப்போதே வாக்குக் கொடுத்துவிட்டேன். ஓலைக்கு அவர் பொறுப்பு. மிஞ்சிய மேல்மாவை நேற்றே சிறு உருண்டைகளாக்கி வேகவைத்து, கடுகும் மிளகாய்ப்பொடியும் போட்டு அம்மணிக் கொழுக்கட்டையாகத் தாளித்து அடுப்படியில் நின்றபடியே தின்று தீர்த்தாயிற்று. கிளறும்போது துடுப்பின் பிடி விரிசல் விட்டிருக்கிறது. அடுத்த சதுர்த்திக்குள் தச்சரிடம் கொடுத்து வேறு பிடி போட வேண்டும்.