ஆஸ்பத்திரி வாசல் நாய வீட்டுக்கு கூட்டிட்டு வந்த அனுபவம்

நான் மயிலாடுதுறை பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரில சாப்ளினா, அதாவது ஆஸ்பத்திரி போதகரா இருக்கேன், லுத்தரன் சபை. காலைல ஓபி தொறக்குறதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஜெபம், அப்புறம் வார்டு வார்டா போறது, ஆபரேஷனுக்கு போறவங்க, பிரசவத்துக்கு வந்தவங்க, ஐசியு வெளில பெஞ்சுல ராத்திரி பூரா உக்காந்துருக்குற சொந்தக்காரங்க, இவங்களோட இருக்குறது தான் என் வேலை. 2025 கடைசில எங்க ஆஸ்பத்திரி கேண்டீன் பக்கத்துலயே கிடந்த ஒரு பொட்ட நாய முறையா எழுதிக்குடுத்து வீட்டுக்கு கூட்டிட்டு வந்தோம், பேரு செவலை. அதுக்கப்புறம் மணின்னு ஒரு வயசான லேப்ரடாரும் வந்து சேந்தான். தெரு நாய தத்தெடுக்க எங்க போகணும், என்ன செய்யணும்னு நெறைய பேர் கேக்குறாங்க, அதான் எழுதுறேன்.

நாய்ங்க மேல எனக்கு பிரியம் ஜாஸ்தி, ஆனா அதுக்கு முன்னாடி இன்னொன்ன சொல்லணும். சில வருஷத்துக்கு முன்னாடி எங்க சபைக்காரர் ஒருத்தருக்காக ஜெபிக்க கூப்புட்டாங்க, பெரிய ஆஸ்பத்திரில தனி ரூம்ல வச்சிருந்தாங்க. ரேபிஸ். ஃபேன் போடல, காத்து மேல பட்டாலே தொண்டை இழுத்துக்கும், ஒரு மடக்கு தண்ணி காட்டினா உடம்பே தூக்கிப்போடும், நடுவுல நடுவுல தெளிவா இருப்பாரு, பேர் சொல்லி கூப்புடுவாரு, அது தான் ரொம்ப கொடுமை. கடிச்சது ஒரு சின்ன குட்டி, லேசா பல்லு பட்டுச்சு, குட்டி தானேன்னு சுண்ணாம்பு தடவிட்டு விட்டுட்டாங்க. ரேபிஸ் அறிகுறி வந்துட்டா அப்புறம் மருந்து கிடையாது. நான் அன்னிக்கு ஜெபம் பண்ணேன், கைய புடிச்சுட்டு நின்னேன், அவரு ரெண்டு நாள்ல போயிட்டாரு. உடனே ஊசி போட்டிருந்தா தடுத்துருக்கலாம்ங்கறது இன்னும் மனசுல இருக்கு. அதனால தான் சொல்றேன், தெரு நாய்க்கு பிஸ்கட் போடுறது மட்டும் இரக்கம் ஆகாது, அதுக்கு ஊசி போட்டு கருத்தடை பண்ணி யாராவது ஒருத்தர் பொறுப்பெடுத்துக்கணும், அப்ப தான் நாய்க்கும் நல்லது தெருவுல வெளையாடுற புள்ளைக்கும் நல்லது.

கடி பட்டா என்ன செய்யணும்னும் இங்கயே சொல்லிடுறேன், யாருக்காவது உதவும். உடனே குழாய் தண்ணில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும், சும்மா நனைக்கிறது இல்ல, 15 நிமிஷம். மஞ்சள், சுண்ணாம்பு, மொளகாப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. அன்னிக்கே அரசு ஆஸ்பத்திரிக்கு போங்க, ஊசி இலவசம், தோல்ல போடுறதுன்னா முதல் ஊசி போடுற நாள 0ன்னு வச்சு, 3வது, 7வது, 28வது நாள்னு கணக்கு, ஒன்னு கூட விடக்கூடாது. ரத்தம் வந்த கடின்னா காயத்த சுத்தி இம்யூனோகுளோபுலின்னு இன்னொரு மருந்தும் போடுவாங்க, அத கேட்டு போட்டுக்கோங்க.

செவலை கதைக்கு வர்றேன். அவ காது நுனில ஒரு வெட்டு இருக்கும், கருத்தடை ஆன நாய்ங்கறதுக்கு அடையாளம் அது. தெரு நாய்ங்களுக்கான மத்திய அரசு 2023 விதிப்படி கருத்தடை பண்ணி ஊசி போட்டு புடிச்ச எடத்துலயே திரும்ப விடணும், அப்படி விடப்பட்டவ தான். கேண்டீன் அக்கா சோறு வைப்பாங்க, நைட் டூட்டி சிஸ்டருங்க ஹாஸ்டலுக்கு நடக்கும்போது கூடவே போயி விட்டுட்டு வருவா. 2025 நவம்பர் 7ம் தேதி உச்ச நீதிமன்றம் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் மாதிரி எடங்கள்ல இருந்து தெரு நாய்ங்கள அப்புறப்படுத்தி காப்பகத்துல வைக்கணும், திரும்ப அங்கயே விடக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. அத நான் குறை சொல்ல மாட்டேன், ரேபிஸ் பெட் பக்கத்துல நின்னவனுக்கு அந்த பயம் புரியும், ஆஸ்பத்திரிக்கு வர்ற கொழந்தைக்கு கடி படக்கூடாது தான. ஆனா செவலை எங்க போவா, ஒரே எடத்துல இத்தனை வருஷம் ஆளுங்கள நம்பி இருந்தவள கூண்டுல வச்சா என்ன ஆகும்னு மனசு கேக்கல. அதே கோர்ட்டு அதுக்கு முன்னாடி போட்ட ஆகஸ்ட் 22 உத்தரவுலயே தத்தெடுக்க விரும்புறவங்க உள்ளாட்சில எழுதிக்குடுத்து எடுத்துக்கலாம், எடுத்தது திரும்ப தெருவுக்கு வரக்கூடாதுன்னு இருந்துச்சு. சரி நாமளே எழுதிக்குடுப்போம்னு வீட்ல பேசினோம். என் மனைவி, "ஏங்க, நாளைக்கு உங்கள மாத்திட்டாங்கன்னா இது யார் பொறுப்பு?"ன்னு கேட்டா. சரியான கேள்வி, போதகருங்களுக்கு மாறுதல் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. போற எடத்துக்கெல்லாம் கூட வரும்னு ரெண்டு பேரும் முடிவு பண்ண பிறகு தான் அடுத்த வேலையே.

நாங்க இருக்குறது சபை வீடு, அதனால கமிட்டி அனுமதி வேணும். லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1706ல வந்து இறங்குன தரங்கம்பாடி பக்கத்து சபைங்க எல்லாம் பழைய சபைங்க, இங்க எதுக்கும் தீர்மானம் போட்டு எழுதணும். எங்க சபைல போதகர ஐயர்னு தான் கூப்புடுவாங்க, ஒரு பெரியவர் எந்திரிச்சு, "ஐயரே, வேதத்துல நாய பத்தி நல்லதா எங்க சொல்லிருக்கு?"ன்னு கேட்டாரு. அவர் கேட்டது நியாயம் தான். நம்ம வேதாகமத்துல நாய் வர்ற எடமெல்லாம் பெரும்பாலும் இழிவா தான் வரும், நாய்களுக்கு எச்சரிக்கையா இருங்கன்னே பவுல் எழுதிருக்காரு. லாசரு கதைல கூட அவன் புண்ண நாய் நக்குச்சுன்னு தான் வருது. கத்தோலிக்க வேதாகமத்துல தோபித்து புஸ்தகத்துல மட்டும் ஒரு பையன் தூரப்பயணம் போறப்ப ஒரு நாய் கூடவே போகுது, கூடவே திரும்பி வருது, நம்மகிட்ட அந்த புஸ்தகம் வேதாகமத்துல சேக்காத தள்ளுபடி ஆகமத்துல போயிடுச்சு. நான் அவர்கிட்ட யோனா புஸ்தகத்தோட கடைசி வசனத்த படிக்க சொன்னேன். நினிவே பட்டணத்த ஏன் அழிக்கலன்னு கர்த்தர் காரணம் சொல்றாரு, லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல மனுஷங்க இருக்காங்க, அதோட அநேக மிருகஜீவன்களும் இருக்குன்னு. அந்த கணக்குல மிருகங்களும் இருக்கு, கர்த்தரே சேத்துக்குறாரு. பெரியவர் கொஞ்ச நேரம் புஸ்தகத்தையே பாத்துட்டு இருந்தாரு, அப்புறம் கேட்டுக்கு உள்ள கட்டாம வளக்கணும், சபை நாள்ல வாசல்ல விடக்கூடாதுன்னு அவரே நிபந்தனை சொல்லி கையெழுத்து போட்டாரு. நல்ல நிபந்தனை தான், இன்னிக்கு வரை மீறல.

உள்ளாட்சி ஆபீஸ்ல மனு குடுக்குறது பெரிய விஷயம் இல்ல, நாயோட போட்டோ, காது வெட்டு தெரியுற மாதிரி ஒன்னு, நம்ம ஆதார் நகல், இனி தெருவுல விடமாட்டேன்னு ஒரு உறுதிமொழி. நான் குடுத்தது இவ்ளோ தான், உங்க ஊர்ல வேற கேக்கலாம், விசாரிச்சுக்கோங்க.

நாய் வீட்டுக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடியே மாட்டாஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயிடுங்க. பழைய ஊசி எப்ப போட்டாங்கன்னு தெரியாததால ரேபிஸ் ஊசி மறுபடி போட்டோம், அதோட கூட்டு தடுப்பூசி, அதுல எலிக்காய்ச்சலுக்கும் சேந்து இருக்கான்னு கேட்டு போடுங்க. நம்ம டெல்டால இது ரொம்ப முக்கியம், எலி மூத்திரம் கலந்த வயத்தண்ணில நாய் நின்னா வரும், அதுகிட்ட இருந்து நமக்கும் வரும். டாக்டர் அவ உதட்ட தூக்கி ஈற பாத்தாரு, வெளுத்து போயிருந்துச்சு, காதுக்குள்ள வெரல் இடுக்குல எல்லாம் உண்ணி. ரத்தம் எடுத்து பாத்து உண்ணிக்காய்ச்சல்னு சொல்லிட்டாரு. டாக்ஸிசைக்ளின் நாலு வாரம். நல்லா ஆயிட்டான்னு பாதில நிறுத்தாதீங்க, ஓடி ஆடுவா ஆனா கிருமி உள்ளயே இருக்கும். இன்னொன்னு, நம்ம ஊர்ல எல்லாரும் மாத்திரைய தயிர் சோத்துல வச்சு தான் குடுப்போம், இந்த மாத்திரைக்கு பால் தயிர் ஆகாது, மருந்து உடம்புல சேர்றது கொறையும். வெறும் மாத்திரையா முழுங்க வச்சாலும் தொண்டைல ஒட்டிக்கிட்டு புண்ணாக்கும். அதனால சாதத்துல கொஞ்சம் வேக வச்ச கோழி பெசஞ்சு அதுக்குள்ள வச்சு குடுத்து தண்ணி குடிக்க வைப்போம். உண்ணி நாய் மேல மட்டும் இருக்காது, செவுத்து இடுக்குல ஏறி முட்ட போடும், ஷெட்ல இருந்த வெடிப்பெல்லாம் பூசுனோம்.

வீட்ல நாங்க எல்லாரும் கடிக்கு முன்னாடியே போட்டுக்குற ரேபிஸ் ஊசியும் போட்டுக்கிட்டோம், எங்க பொண்ணு உட்பட. இத பலர் யோசிக்கிறதே இல்ல.

முதல் நாட்கள் தான் உண்மையிலயே கஷ்டம், அவளுக்கு. வெளில அத்தன பேரோட பழகினவ, கேட்டு சாத்துனதும் வண்டி நிறுத்துற ஷெட்டுல போய் மூலைல சுருண்டுட்டா, சாப்பாடு வச்சா நாங்க உள்ள போன பிறகு தான் சாப்புடுவா. பொண்ணு போய் கட்டிப்புடிக்க பாத்தா, நான் தடுத்துட்டேன். வார்டுல புதுசா ஒருத்தர பாக்க போறப்ப நான் நேரா போய் தலைல கைய வச்சு ஜெபிக்க ஆரம்பிக்கிறதில்ல, பக்கத்துல உக்காருவேன், பேர் கேப்பேன், ஜெபிக்கலாமான்னு கேப்பேன், வேணாம்னா சும்மா பேசிட்டு வருவேன். இந்து, முஸ்லிம், எல்லாரும் தான் வர்றாங்க, நாகூர்காரங்க துவா பண்ணுங்கன்னு அவங்களே கேப்பாங்க, கேக்காதவங்ககிட்ட நான் திணிக்க மாட்டேன். செவலைகிட்டயும் அதே தான் செஞ்சேன். ஷெட்ல ஒரு ஸ்டூல் போட்டு அவளுக்கு பக்கவாட்டுல திரும்பி உக்காந்து ஞாயித்துக்கிழமை பிரசங்கத்த அங்கயே எழுதுவேன், கண்ண நேரா பாக்க மாட்டேன். நாய் அடிக்கடி கொட்டாவி விட்டா, உதட்ட நக்கிட்டே இருந்தா, தூக்கம் இல்ல அது, பயம். மார்கழி மாசம், கேரல் ரவுண்டு, டிரம் சத்தம், மழை வேற, அந்த நேரத்துல அவ எப்ப கிட்ட வந்தான்னு கூட நான் கவனிக்கல, ஒரு ராத்திரி கேரல் முடிஞ்சு அலுத்து வந்து உக்காந்தப்ப என் கால் மேல தாடைய வச்சுட்டு தூங்கிட்டா. நான் எந்திரிக்காம அப்படியே உக்காந்துருந்தேன். மூணு நாள் பயம், மூணு வாரம் பழக்கம், மூணு மாசத்துல வீடுன்னு நாய் வளக்குறவங்க சொல்லுவாங்க, எங்க வீட்ல கிட்டத்தட்ட அப்படித்தான் ஆச்சு.

பக்கத்து வீட்டு அம்மா தேய்பிறை அஷ்டமிக்கு பைரவர் கோயிலுக்கு போயிட்டு வந்து, "பைரவர் வாகனம் சாமி இது"ன்னு வடை குடுப்பாங்க. அவங்க பக்திய நான் மதிக்கிறேன், வெங்காயம் போட்ட வடை மட்டும் வேணாம்மா, நாய்க்கு வெங்காயம் ரத்தத்த கெடுக்கும்னு சொன்னேன், இப்ப அவளுக்குன்னு தனியா உளுந்து வடை வெங்காயம் இல்லாம வருது.

வார்டுக்கு போறதுக்கு முன்னாடி குளிச்சு சட்ட மாத்திட்டு தான் போவேன். நோயாளிக்கு தொத்து வரக்கூடாதுங்கறது ஒன்னு, நாய் எச்சி பட்ட துணின்னா முஸ்லிம் வீட்டுக்காரங்களுக்கு தொழுகைக்கு ஆகாது, நான் கைய புடிச்சு ஜெபிக்கிற மனுஷன் மனசுல அந்த சங்கடம் இருக்கக் கூடாது.

மணி வந்தது வேற மாதிரி. வெளிநாடு போன குடும்பம் ஒன்னு விட்டுட்டு போனது, தஞ்சாவூர்ல சில பசங்க காப்பாத்தி வச்சிருந்தாங்க. அவங்க நல்லா விசாரிச்சு தான் குடுத்தாங்க, வீட்டுக்கு வந்து கேட் உயரம் பாத்தாங்க, செவலைய பாத்தாங்க, ரெண்டையும் வெளில பொது எடத்துல கயிறு கட்டி நடக்க விட்டு பாத்துட்டு தான் சம்மதிச்சாங்க. நீங்க யாராவது தத்தெடுக்குறப்ப இவ்ளோ கேள்வி கேட்டா கோவப்படாதீங்க. அவனுக்கு இடுப்பு எலும்பு தேய்மானம், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரில எக்ஸ்ரே எடுத்தோம், எடை கொறைக்க சொன்னாங்க, வழுக்குற டைல்ஸ் மேல சாக்கு விரிக்க சொன்னாங்க. வயசான நாய யாரும் எடுக்க மாட்டேங்குறாங்க. அவன் சாவு நம்ம கண்ணு முன்னாடி தான் வரப்போகுதுன்னு எங்களுக்கு தெரியும். என் வேலைல நான் பாத்த வரைக்கும் மனுஷனுக்கு கடைசில வேணும்ங்கறது பெருசா ஒன்னும் இல்ல, வலி கொறையணும், தெரிஞ்ச முகம் பக்கத்துல இருக்கணும், மணிக்கு அது ரெண்டும் கெடைக்கும்.

வயக்காட்டு பக்கம் கூட்டிட்டு போறவங்களுக்கு ஒன்னு, சம்பா கதிர் வர்ற நேரத்துல வரப்புல எலி மருந்து வச்சிருப்பாங்க, கயிற அவுக்கவே அவுக்காதீங்க. அறுப்பு முடிஞ்சும் கொஞ்ச நாள் கட்டியே கூட்டிட்டு போங்க, பொந்துகிட்ட கண்ணாடி விரியனும் இருக்கும்.

மாறுதல் பட்டியல் போடுறதுக்கு முன்னாடி குடும்ப விவரம் கேட்டு சபை தலைமைல இருந்து ஒரு படிவம் வரும். இந்த தடவ அதுல கீழ எடம் இருந்துச்சு, ரெண்டு நாய் கூட வரும், காம்பவுண்டு உள்ள வீடு தேவைன்னு எழுதி ஊசி அட்டை நகலும் சேத்து அனுப்பிட்டேன்.