எட்டாவது தடவை ஜெயித்தவர்

பிரிட்டிஷ் அரசியல்வாதி நைஜல் ஃபராஜின் அரசியல் எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்த ஆளின் விடாப்பிடி இருக்கிறதே, அது வேறு ரகம். லண்டனில் உலோகச் சந்தைத் தரகராக இருந்தவர். ஐரோப்பிய ஒன்றியமே வேண்டாம் என்று முழங்கிக்கொண்டே 1999 முதல் 2020 வரை ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் உறுப்பினர், சம்பளத்தோடு! பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு ஏழு தடவை நின்று ஏழிலும் தோல்வி. 2010 தேர்தல் நாளன்று விமான விபத்தில் வேறு சிக்கிப் பிழைத்தார். 2016 வாக்கெடுப்பில் பிரெக்ஸிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகுவது, ஜெயித்ததும் தன் யூகிப் கட்சியின் தலைமையை விட்டார். சரி, ஒழிந்தார் என்று பார்த்தால் எல்பிசி வானொலி, அப்புறம் ஜிபி நியூஸ் தொலைக்காட்சி. மாலையானால் வீட்டுக்குள்ளேயே வந்து பேசுகிறவருக்குத் தனியாகப் பிரசார மேடை எதற்கு? 2024இல் கிளாக்டன் தொகுதியில் எட்டாவது முயற்சியில் எம்.பி. ஆகிவிட்டார். அதன் பிறகும் டிவி நிகழ்ச்சியை விடவில்லை மனிதர்.