ஒட்டகம் படுக்குறது எந்தப் பக்கம்?

பொண்ணுக்கு சயின்ஸ் ஹோம்ஒர்க்ல ஒரு டேபிள் குடுத்திருந்தாங்க. நடுவுல கோடு, இந்தப் பக்கம் உடல் தகவமைப்பு, அந்தப் பக்கம் நடத்தை தகவமைப்பு. தகவமைப்புன்னா ஒரு உயிர் தான் இருக்குற இடத்துல பொழைக்குறதுக்கு ஏத்த மாதிரி அமைஞ்ச விஷயம். திமில், கள்ளிச்செடி முள்ளு, கொக்கோட நீளக் காலு எல்லாம் மடமடன்னு இடது பக்கம் எழுதிட்டா, பறவைங்க வலசை போறது வலது பக்கம். அப்புறம் "அப்பா, ஒட்டகம் படுக்குறது எந்தப் பக்கம்?"னு கேட்டா. ரெண்டு நாளா அதே நெனப்பா இருக்கு, அதான் எழுதிடலாம்னு.

திமில்ல தண்ணி இருக்குன்னு இன்னும் நிறைய பேர் நம்புறாங்க, அது கொழுப்புங்க. ஒட்டகத்தோட பெரிய வித்தையே உடம்பு சூட்டுலதான் இருக்கு. நமக்கு ரெண்டு டிகிரி ஏறினாலே காய்ச்சல்னு சுருண்டு படுத்துடுறோம், ஆனா தண்ணி கிடைக்காத ஒட்டகம் விடியக்காலையில 34 டிகிரி செல்சியஸ் கிட்ட இருக்கும், சாயங்காலத்துக்குள்ள 40ஐ தாண்டுற வரைக்கும் விட்டுடும், அதுவரைக்கும் பெருசா வேர்க்காது, அந்தத் தண்ணியெல்லாம் மிச்சம், ஏறின சூட்ட ராத்திரி குளிர்ல சும்மா வெளிய விட்டுடும். சரி, இது உடம்பு. ஆனா அதே ஒட்டகம் காலையில மண்ணு சூடேறுறதுக்கு முன்னாடியே கால மடக்கிப் படுத்துக்கும், உடம்போட குறுகலான பக்கம் மட்டும் வெயில்ல படுற மாதிரி சூரியனப் பாத்து உக்காரும், கூட்டமா இருந்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அப்படி உக்காரலைன்னா மத்தியானமே 40 வந்துடும், வேர்த்துடும், மிச்சம் புடிச்சதெல்லாம் போச்சு. இத ஒட்டகம் யோசிச்சு கண்டுபிடிச்சுச்சுன்னு நான் சொல்லல, அப்படிப் படுத்ததுங்க பொழச்சு குட்டி போட்டுச்சு, அவ்ளோதான். இப்ப சொல்லுங்க, இத எந்தப் பக்கம் எழுதுறது?

தென்மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்குற நமீப் பாலைவனத்துல ஒரு கறுப்பு வண்டு இருக்கு. மூடுபனி வர்ற நேரத்துல மணலுக்குள்ள இருந்து வெளிய வந்து, மணல்மேட்டு உச்சிக்கு ஏறி, காத்து வர்ற பக்கமா திரும்பி, தலைய கீழ வச்சு பின்பக்கத்த தூக்கிட்டு அப்படியே நிக்கும். பனி முதுகுல படிஞ்சு, துளித்துளியா சேந்து, வழிஞ்சு நேரா வாய்க்கு வரும். எனக்கு இது ரொம்பப் புடிக்கும். முதுகு மட்டும் இருந்து அந்த நிக்குற விதம் இல்லைன்னா ஒரு சொட்டு கூட கிடைக்காது.

மரப்பட்டை மாதிரியே றெக்கை இருக்குற அந்துப்பூச்சியும் இப்படித்தான். கொரியாவுல ரெண்டு வகை அந்துப்பூச்சிய கவனிச்சு 2012ல எழுதியிருக்காங்க. பட்டையில வந்து உக்காந்த உடனே அது சும்மா இருக்கல, கொஞ்சம் நடந்து, கொஞ்சம் திரும்பி, றெக்கையில இருக்குற கோடும் பட்டையில இருக்குற வெடிப்பும் பொருந்துற மாதிரி உக்காந்துக்குது. அதுக்கப்புறம் அதக் கண்டுபிடிக்குறது இன்னும் கஷ்டமாகிடுது.

செடிக்கு நடத்தையான்னு கேப்பீங்க. பூச்சி புடிக்குற வீனஸ் ஃப்ளைட்ராப்போட இலைக்குள்ள சின்ன முடிங்க இருக்கும், ஒரு தடவ தொட்டா மூடாது, சுமார் 20 வினாடிக்குள்ள ரெண்டாவது தடவ தொட்டாத்தான் டப்புனு மூடும். ஒரு மழைத்துளிக்கெல்லாம் மூடி மூடித் தெறந்தா செடிக்கு சத்து வீண்தானே. எண்ணுற செடிங்க அது!

உடம்பும் நடத்தையும் ஒண்ணோட ஒண்ணு சேராம பிரிஞ்சா என்ன ஆகும்னு பாக்கணும்னா வட அமெரிக்காவுல இருக்குற பனிக்காலணி முயலப் பாருங்க. குளிர்காலத்துக்கு வெள்ளையா மாறும், ஆனா பனிய பாத்து மாறல, பகல் நீளம் குறையுறத வச்சு மாறுது. இப்ப பனி லேட்டா விழுது, சீக்கிரமே உருகிடுது, முயல் மட்டும் தேதிப்படி வெள்ளையாகி காஞ்ச பழுப்புத் தரையில பளிச்சுனு உக்காந்திருக்கு. ரேடியோ காலர் மாட்டி கவனிச்சவங்க என்ன பாத்தாங்கன்னா, தன் நிறம் பொருந்தலைன்னு அது பதுங்குற இடத்த மாத்திக்கவே இல்ல. அப்படிப் பொருந்தாத வாரங்கள்ல சாவும் கூடுது. இதப் படிச்சப்ப மனசு ஒரு மாதிரி ஆகிடுச்சு.

ஆனா பசிபிக் கரையோரமா பனி கம்மியா இருக்குற இடங்கள்ல அதே இனத்துல குளிர்காலத்துலயும் பழுப்பாவே இருக்குற முயலுங்க இருக்கு. அந்த மரபணு எப்பவோ வேற ஒரு முயல் இனத்தோட கலந்ததுல வந்ததுன்னு 2018ல கண்டுபிடிச்சாங்க. அந்தப் பழுப்பு மத்த இடங்களுக்கும் பரவுமா, அதுக்குள்ள நேரம் இருக்கான்னுதான் இப்ப கேள்வி.