மீட்டர் சைபர் காட்டும்போது

25 கிலோவோல்ட் இருக்கிறது என்று தெரிந்த இடத்தில் யாரும் கை வைப்பதில்லை. 0.07 என்று மீட்டர் காட்டிய இடத்தில்தான் வைக்கிறார்கள். உயர் மின்னழுத்தத்தை அளந்து பழகியவர்கள் பெரிய எண்ணைப் பார்த்து ஒதுங்குவார்கள், சின்ன எண்ணைப் பார்த்தால் சந்தேகப்படுவார்கள்.

சாதாரண மல்டிமீட்டர் 1000 வோல்ட்டோடு நின்றுவிடும். அதற்கு மேல் அளக்க ஹைவோல்டேஜ் புரோப் வேண்டும். ஏறக்குறைய ஒரு முழ நீளப் பிளாஸ்டிக் தடி. நுனியில் உலோக முனை, பிடிக்கு முன்னால் வட்ட வட்டமாகத் தடுப்புகள், பின்னால் மீட்டருக்குப் போகும் ஒயர், பக்கத்தில் ஒரு எர்த் கிளிப். 40 கிலோவோல்ட் வகையில் உள்ளே 1000 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்கும். அதற்கு அடியில் சுமார் 1.11 மெகாஓம். மீட்டரின் உள்தடையான 10 மெகாஓம் இந்த அடி ரெசிஸ்டருக்கு இணையாகச் சேர்ந்தால்தான் அது 1 மெகாஓம் ஆகும். ஆயிரத்தில் ஒரு பங்கு மீட்டருக்கு வரும். 25 கிலோவோல்ட்டுக்கு 25 வோல்ட். அதாவது புரோப்பின் கணக்கில் ஒரு பகுதி மீட்டருக்குள் இருக்கிறது. இதை மறந்தால் எல்லாம் தப்பிப்போகும்.

எப்படித் தப்பும் என்று எண்களை வைத்தே பார்க்கலாம். புரோப் வழியாக ஓடுவது 25 மைக்ரோஆம்பியர். மீட்டரின் செலக்டர் தவறுதலாக 'லோ இசட்' நிலையில் இருந்தால் உள்தடை 3 கிலோஓம் அளவுக்கு இறங்கிவிடும். 25 மைக்ரோஆம்பியர் அதில் பாய்ந்தால் கிடைப்பது 0.075 வோல்ட். ஆயிரத்தால் பெருக்கிப் பார்ப்பவர் '75 வோல்ட்தானே' என்று நினைப்பார். பெருக்க மறந்தவருக்கு அது சைபர். முனையிலோ 25 கிலோவோல்ட் அப்படியே நிற்கிறது. பழைய முள் மீட்டரில், வோல்ட்டுக்கு 20 கிலோஓம் வகையில், 50 வோல்ட் ரேஞ்சின் உள்தடை 1 மெகாஓம்தான். அங்கே 25 கிலோவோல்ட் 13 கிலோவோல்ட்டாகத் தெரியும். எதிர்ப்பக்கமும் தப்பும்: மேசை மீட்டர்கள் சிலவற்றில் 10 வோல்ட் ரேஞ்ச் வரை உள்தடை 10 கிகாஓமுக்கும் மேல். அதில் 8 கிலோவோல்ட்டை அளந்தால் 8.9 என்று வரும். கூடுதலாகக் காட்டுவதால் ஆபத்தில்லை, ஆனால் நல்ல சர்க்யூட்டைக் கெட்டது என்று முடிவுகட்ட வைத்துவிடும். எனவே முதலில் மீட்டரின் உள்தடையைக் கையேட்டில் பார்த்து உறுதிசெய்து, செலக்டரை சாதாரண டிசி வோல்ட்டில் வைத்து, ஆட்டோ ரேஞ்சை நிறுத்தி ஒரே ரேஞ்சில் பூட்டிவிடுவது நல்லது.

புரோப் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி மெகர், அதாவது உயர் வோல்டேஜ் கொடுத்துக் காப்புத்தடையை அளக்கும் கருவி. மெகரை 1000 வோல்ட்டில் வைத்து ஒரு முனையைப் புரோப் நுனிக்கும் மறுமுனையை எர்த் கிளிப்புக்கும் கொடுத்தால் இரண்டு சோதனை ஒன்றாக முடியும். மல்டிமீட்டரில் 1 வோல்ட்டை ஒட்டி வரவேண்டும் (சுமை மிகக் குறைவு என்பதால் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாகவே வரும்). மெகரின் திரையில் 1000 மெகாஓமை ஒட்டி வரவேண்டும், அது புரோப்பின் உள்தடை. சில மெகர்களில் லைன் முனை மைனஸ். மல்டிமீட்டரில் மைனஸ் குறி வந்தால் குழம்ப வேண்டாம். அளப்பதற்கு முன்னால் ஒருமுறை, அளந்து முடித்த பின் ஒருமுறை. இடையில் சர்க்யூட்டில் சைபர் கண்டிருந்தால் இரண்டாவது சோதனை கட்டாயம். அதற்கிடையில் ஒயர் அறுந்திருந்தால் அந்த சைபருக்கு அர்த்தமே இல்லை.

எர்த் கிளிப்பை முதலில் மாட்டு, கடைசியில் கழற்று. எல்லோரும் சொல்வதுதான், ஆனால் காரணம் தெரிந்தால் மறக்காது. எர்த் ஒயர் அறுந்துபோனால் அடி ரெசிஸ்டருக்குப் போக்கிடம் இல்லை. ஒயர், மீட்டர், மீட்டரைப் பிடித்திருக்கும் கை என எல்லாமே மெல்ல முனையின் வோல்டேஜை நோக்கி ஏறத் தொடங்கும், மீட்டரோ அந்நேரம் ஒன்றுமே காட்டாது. ஒயர் பெரும்பாலும் அறுவது கிளிப்பின் கழுத்தில், ரப்பருக்குள். வெளியே பார்த்தால் நன்றாகவே இருக்கும். மல்டிமீட்டரின் பஸ்ஸரில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலையில்) வைத்துக் கழுத்தை இருபுறமும் வளைத்தால் சத்தம் விட்டுவிட்டு வரும். வந்தால் அந்த ஒயர் குப்பைக்கு.

கிளிப்பை எங்கே மாட்டுவது என்பதும் சின்ன விஷயமல்ல. பழைய டிவியின் பிக்சர் டியூபில் ஆனோட்டின் (ஹைவோல்டேஜ் சேரும் முனையின்) மறுமுனை, கண்ணாடியின் வெளிப்பக்கக் கரிப்பூச்சு. டியூபின் முதுகில் இழுத்துக் கட்டிய பின்னல் கம்பி அதைத் தொட்டுக்கொண்டிருக்கும். கிளிப் அந்தக் கம்பியில்தான். கண்ணில் பட்ட ஹீட்சிங்கில் மாட்டினால், பவர் சப்ளையின் மெயின்ஸ் பக்கத்தில் மாட்டியதாக ஆகிவிடலாம்.

புரோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அளப்பதைவிட, மின்சாரத்தை நிறுத்தி, தேங்கிய மின்னூட்டத்தை வடித்து (டிஸ்சார்ஜ் செய்து), முனையைப் பொருத்தி, கையை எடுத்துவிட்டு, பிறகு சுவிட்சைப் போட்டுப் பார்ப்பது எவ்வளவோ மேல். கையால் பிடித்தே ஆகவேண்டும் என்றால் தடுப்பு வட்டங்களுக்குப் பின்னால் ஒரே கை. புரோப்பின் உடல் ஈரத்துணி துடைத்த மேசைபோல இருக்கக்கூடாது. தூசியும் வியர்வையும் படிந்த பிளாஸ்டிக், ஈரக்காற்றில் தானே ஒரு ரெசிஸ்டர் ஆகிவிடும். 1000 மெகாஓமோடு போட்டிபோட அதற்கு அதிக ஈரம் தேவையில்லை. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து முழுதாகக் காயவிட வேண்டும். சீறும் சத்தமும் ஓசோன் வாடையும் வந்து மீட்டர் எண் நிலைகொள்ளாமல் ஆடினால், முனையிலிருந்து காற்றுக்குக் கசிகிறது என்று பொருள். சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் காரணம் தேட வேண்டும்.

கால்வாட் ரெசிஸ்டர்களை வரிசையாகக் கோத்து பிவிசி குழாயில் அடைத்து வீட்டிலேயே புரோப் செய்கிறவர்கள் உண்டு. சாதாரண கால்வாட் ரெசிஸ்டர் ஒன்றின் தாங்குதிறன் 250 வோல்ட் அளவுதான். 25 கிலோவோல்ட்டுக்குக் குறைந்தது நூறு வேண்டும். ஒன்று பொறி தாண்டினால் மற்றவற்றின் பங்கு கூடும், பிறகு வரிசையாகப் போகும். வேண்டாம் என்பதே எங்கள் தீர்ப்பு.

ஏசிக்கு இந்தப் புரோப்பை அதிகம் நம்ப முடியாது. 1000 மெகாஓமோடு வெறும் 1 பிகோஃபாரட் ஒட்டிக்கொண்டாலே 160 ஹெர்ட்ஸுக்கு மேல் கணக்கு கெட்டுவிடும். 50 ஹெர்ட்ஸில் ஓரளவு சரி. பிக்சர் டியூபின் 15,625 ஹெர்ட்ஸ் ஃப்ளைபேக் (ஹைவோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர்) துடிப்பை இதில் அளந்து வரும் எண்ணுக்கு மதிப்பில்லை.

எதில் வைக்கவே கூடாது என்பதுதான் முக்கியமானது. புரோப்பில் 40 கிலோவோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது, ஆகவே 11 கிலோவோல்ட் லைனில் வைக்கலாம் என்று எண்ணுவது உயிரை விலையாகக் கேட்கும் தவறு. இந்தப் புரோப் குறைந்த ஆற்றலுள்ள மூலங்களுக்கானது. டியூப் சப்ளையில் பொறி பறந்தால் சப்ளையே படுத்துவிடும். விநியோக லைனில் பொறி பறந்தால் அதற்குப் பின்னால் ஒரு துணைமின்நிலையமே நிற்கிறது. மீட்டரின் மேல் எழுதியிருக்கும் கேட் 2, கேட் 3, கேட் 4 வகைகளின் (எவ்வளவு ஆற்றலுள்ள லைனுக்கு அந்த மீட்டர் ஏற்றது என்பதன்) உட்பொருளும் இதுதான். 600 வோல்ட் கேட் 2 மீட்டருக்கு 4000 வோல்ட் திடீர் அலையும், அதே 600 வோல்ட் கேட் 3-க்கு 6000 வோல்ட்டும் சோதனை அளவு. கேட் 3-இல் அந்த அலை 12 ஓமுக்குப் பதில் 2 ஓம் வழியாக வருகிறது. பாயும் மின்னோட்டம் பல மடங்கு. ஹைவோல்டேஜ் புரோப்பில் எழுதியிருக்கும் வோல்டேஜ் இந்த மாதிரி அலையைத் தாங்கும் என்று உறுதி தருவதில்லை.

மைக்ரோவேவ் அவன் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வில்லன். 2000 வோல்ட் சொச்சம்தான், ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் நூற்றுக்கணக்கான மில்லிஆம்பியரைத் தாராளமாகத் தரும். ஓடும்போது அளக்க வேண்டிய தேவையே அதில் இல்லை. பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்துவிட்டு ஓம் பார்த்தால் போதும்: டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி (ஹைவோல்டேஜ் பக்கச் சுருள்) ஏறக்குறைய 100 ஓம், பிரைமரி (மெயின்ஸ் பக்கச் சுருள்) 1 ஓமுக்கும் கீழ். டயோடு சோதனையில் ஹைவோல்டேஜ் டயோடு இருபுறமும் திறந்ததாகவே காட்டும், அது கெட்டதல்ல. உள்ளே பல சந்திகள் தொடராக இருப்பதால் மீட்டரின் வோல்டேஜ் போதவில்லை. 9 வோல்ட் பேட்டரியைத் தொடராகச் சேர்த்துப் பார்த்தால் ஒருபக்கம் மட்டும் கடத்துவது தெரியும்.

டிஸ்சார்ஜ் செய்ய ஸ்க்ரூ டிரைவரை வைத்து 'டப்' என்று அடிப்பது பழைய பழக்கம். 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரில் 3 கிலோவோல்ட் இருந்தால் அது 4.5 ஜூல். முனை உருகும், கெபாசிட்டர் அடிபடும், கை தானாக உதறிப் பக்கத்தில் இருப்பதை இடிக்கும். 100 கிலோஓம் ஹைவோல்டேஜ் ரெசிஸ்டரை நீளமான காப்புத்தடியில் கட்டி, கிளிப்பை முதலில் எர்த்தில் மாட்டித் தொட்டால் அரை நொடியில் வடிந்துவிடும். அதோடு போய்விடக்கூடாது. கெபாசிட்டருக்குள் ஊறிய மின்னூட்டம் சில நிமிடங்களில் மெல்ல மேலே வரும். சைபராக விட்டுவிட்டுப் போன இடத்தில் மீண்டும் நல்ல ஷாக் அடிக்கும் அளவு ஏறியிருக்கும். அதனால் மீட்டரில் சைபரைப் பார்த்ததும், இரு முனைகளையும் இணைக்கும் ஷார்ட் ஒயர் ஒன்றை மாட்டி, வேலை முடிந்து மூடியைப் பொருத்தும் நேரம்வரை அதை அங்கேயே விட்டுவைக்க வேண்டும்.