கொடைக்கானல் குளிரில் ஸ்லோ குக்கர்: நான்கு மாத அனுபவம்

கொடைக்கானலில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதே காரணம். திறந்த பாத்திரத்தில் பருப்பு வைத்துப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும்: நுரை பொங்கிக்கொண்டே இருக்கும், பருப்பு மட்டும் மசியாது. பிரஷர் குக்கர் இருக்கிறதுதான். ஆனால் காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பி மாலை ஐந்து மணிக்குத் திரும்பும் எனக்கு, வந்தவுடன் சாப்பிடச் சூடாக ஏதாவது வேண்டும் என்பதால், சென்ற அக்டோபரில் மூன்றரை லிட்டர் கொள்ளும் ஒரு ஸ்லோ குக்கரை, அதாவது மெதுவான சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்பானையை, வாங்கினேன்.

முதலில் செய்தது பட்டர் பீன்ஸ் குழம்பு. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய காய்ந்த விதையை இரவே ஊறவைத்து, காலையில் வெங்காயம், தக்காளி, புளிக்கரைசல், குழாய்த் தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, குறைந்த சூடான ‘லோ’வில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். மாலையில் மூடியைத் திறந்தால் நல்ல மணம் வந்தது. ஒரு விதையை எடுத்து நசுக்கினேன். தோல் வழுக்கி விலகியது, உள்ளே வெண்மையான பருப்பு சுண்ணாம்புக் கட்டிபோல இரண்டாகப் பிளந்தது. ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகியும் வேகவில்லை.

வத்தலக்குண்டில் இருக்கும் அத்தையிடம் போனில் சொன்னபோது, அவர் குக்கரைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. “தக்காளியும் புளியும் முதல்லயே போட்டா பயறு எப்படித் தாயி வேகும்? வெந்த பிறகுல்ல போடணும்” என்றார். அத்தை சொன்னது முற்றிலும் சரி. புளிப்பு, விதையின் செல்சுவர்களை இளகவிடாமல் பிடித்துவைத்துக்கொள்கிறது. பிரஷர் குக்கரின் உயர்ந்த சூட்டில் இந்தத் தவறு ஓரளவு மறைந்துபோகும். மெதுவான சூட்டில் மறையாது.

இரண்டாவது தவறு குளிர்ந்த தண்ணீர். டிசம்பர் காலையில் குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியாது. சமையலறையும் அதே குளிரில்தான் இருக்கும். குக்கரோடு வந்த கையேட்டில் உள்ள நேரக்கணக்கு இவ்வளவு குளிர்ந்த வீட்டை எண்ணி எழுதப்பட்டதில்லை. ஒரு விடுமுறை நாளில் சமையல் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன்: குளிர்ந்த நீரோடு ‘லோ’வில் தொடங்கிய பானை, ஆவி வரும் நிலைக்கு வரவே நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. இப்போது பீங்கான் பாத்திரத்தை முதலில் வெதுவெதுப்பான நீரில் அலசி, பிறகே வெந்நீர் ஊற்றுகிறேன். குளிர்ந்த பீங்கானில் கொதிநீரை நேராக ஊற்றினால் விரிசல் விடும். காலை ஆறரைக்கு ‘ஹை’யில் தொடங்கி, கிளம்பும்போது ‘லோ’வுக்கு மாற்றினால் மாலைக்குள் பதமாக வெந்துவிடுகிறது.

வேகத் தாமதமாவதற்கு மின்னழுத்தமும் ஒரு காரணம் என்பது ஜனவரியில்தான் பிடிபட்டது. குக்கரைச் சூடாக்கும் கம்பிச்சுருள் 230 வோல்ட்டில் 200 வாட் தருமென்றால், 200 வோல்ட் மட்டும் வந்தால் ஏறக்குறைய 150 வாட்தான் தரும். வோல்ட் சற்றே குறைந்தாலும் சூடு அதைவிட வேகமாகக் குறைகிறது. மின்தடைக்கு ஒரு வழி செய்திருக்கிறேன். பக்கத்திலேயே ஒரு டிஜிட்டல் கடிகாரத்தைச் செருகி வைத்திருக்கிறேன். அது மாலையில் மினுக்கிக்கொண்டிருந்தால் மின்சாரம் போய் வந்திருக்கிறது என்று பொருள். பக்கத்து வீட்டில் விசாரித்து, இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் அந்தக் குழம்பைக் கொட்டிவிடுகிறேன். மனம் வலிக்கும், ஆனாலும் வெதுவெதுப்பில் கிடந்த உணவை நான் நம்புவதில்லை.

ராஜ்மாவை மட்டும் நேராக ஸ்லோ குக்கரில் போடவே கூடாது. அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப்பொருள் மிதமான சூட்டில் அழியாது. அரைவேக்காட்டு ராஜ்மா கடும் வாந்தியைத் தரும். இரவெல்லாம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, பிரஷர் குக்கரில் பத்து நிமிடம் வேகவைத்த பிறகே இதில் சேர்க்கிறேன்.

இந்தக் கருவிக்கு அமெரிக்காவில் 1940-ல் காப்புரிமை பெற்ற இர்விங் நாக்ஸனுக்கு அந்த யோசனை, தன் தாய்வழிக் குடும்பத்தின் லிதுவேனிய ஊர்க்கதையிலிருந்து வந்ததாம். அங்கே வெள்ளிக்கிழமை மாலை பயறுப் பானையை ரொட்டிக் கடை அடுப்பில் வைத்து, அணையும் அடுப்பின் சூட்டிலேயே இரவெல்லாம் வேகவிடுவார்கள். விறகடுப்புத் தணலில் மொச்சைப் பானையை மூடி வைத்துவிட்டுப் படுத்த நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றியிருக்காது.

நூக்கல், கேரட் சாம்பார் இதில் மிக நன்றாக வருகிறது. கிழங்கு வகைகளை அடியில் போட வேண்டும். அவை வேகத்தான் அதிக நேரம் பிடிக்கும். ஆவி மூடியில் பட்டு மீண்டும் உள்ளேயே சொட்டுவதால் தண்ணீரை வழக்கத்தைவிட மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறேன். சாதத்துக்கு இது உதவாது, குழைந்துவிடும். கஞ்சிக்கு இதைவிடச் சிறந்தது வேறில்லை. பூம்பாறைப் பக்கத்து மலைப்பூண்டை முழுப் பல்லாகப் போட்டால், கரண்டியால் தொட்டவுடன் வெண்ணெய்போலக் கரைந்து குழம்போடு கலக்கிறது. காரம் தணிந்து இனிப்பு மட்டும் நிற்கிறது. தேங்காய்ப்பால் திரியும் என்பதால் கடைசியில்தான். தாளிப்பு எப்போதும் தனியாக.

குறிப்பேட்டில் இந்த வாரம் எழுதியது: பட்டர் பீன்ஸ் 250 கிராம், வெந்நீர் 750 மி.லி., மலைப்பூண்டு 12 பல், ‘ஹை’யில் ஒன்றேகால் மணி, ‘லோ’வில் ஒன்பது மணி, வதக்கிய தக்காளியும் புளியும் வீடு திரும்பிய பின், அரை மணி ‘ஹை’யில்.