ரெக்டிஃபை: வெளியே போக வேண்டுமா, குற்றத்தை ஒப்புக்கொள்

தப்பாகத் தண்டிக்கப்பட்ட ஒருவனின் கதை என்றதும் என்ன வரும் என்று நமக்கே தெரியும். அவன் சிறையில் வாடுவான், வெளியே ஒரு வக்கீல் ஆதாரம் தேடி அலைவார், கடைசி எபிசோடில் தீர்ப்பு வரும், கதவு திறக்கும், அம்மா ஓடிவந்து கட்டிக்கொள்வாள், நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிவியை அணைப்போம். ‘ரெக்டிஃபை’ தொடரில் அந்தக் கதவு முதல் எபிசோடிலேயே திறந்துவிடுகிறது. அதற்கப்புறம் நான்கு சீசன், மொத்தம் 30 எபிசோட், 2013 ஏப்ரலில் தொடங்கி 2016 டிசம்பர் வரை. வெளியே வந்தவன் எப்படி வாழ்வான், வெளியே விட்டவர்கள் அவனை உண்மையில் விட்டார்களா, இதுதான் கதை. தொலைக்காட்சியில் குற்றக் கதைகள் நிறையப் பார்ப்பவன் நான். இந்த விஷயத்தை இவ்வளவு தூரம் கொண்டுபோன இன்னொரு தொடரைச் சொல்லச் சொன்னால் எனக்குச் சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை.

கதையைச் சொல்லாமல் இதைப் பற்றி எழுத முடியாது, அதனால் பார்க்காதவர்கள் இப்போதே நிறுத்திக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பாலி என்று ஒரு கற்பனை ஊர். டேனியல் ஹோல்டன் பதினெட்டு வயதில் கைதாகிறான். ஹன்னா டீன் என்ற பதினாறு வயதுப் பெண் கொலையான வழக்கு. அவள் உடலின் பக்கத்தில் அவன் உட்கார்ந்திருந்தான், உடல்மேல் பூக்களை வைத்திருந்தான், அன்று இரவு போதையிலும் இருந்தான். போலீஸ் மணிக்கணக்கில் விசாரித்ததில் நான்தான் செய்தேன் என்று சொல்லிவிட்டான். மரண தண்டனை. பத்தொன்பது வருடம் கழித்து டி.என்.ஏ. அவனுடையது இல்லை என்று தெரிந்து தீர்ப்பு ரத்தாகிறது. தீர்ப்புதான் ரத்து, அவன் நிரபராதி என்று யாரும் சொல்லவில்லை. அரசுத் தரப்பு மறுபடியும் வழக்குப் போடலாம். அன்று அவனைத் தண்டிக்க வாதாடிய அரசு வழக்கறிஞர் ரோலண்ட் ஃபோல்க்ஸ் இன்று செனட்டர். அந்த வழக்குதான் அவருக்கு ஏணி, அதை யார் தொட்டாலும் அவர் சும்மா விடமாட்டார்.

முதல் சீசனில் ஆறே எபிசோட், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நாள். விடுதலையான முதல் வாரம், அவ்வளவுதான். மரத்தடியில் நிற்கிறான், பரணில் பழைய வாக்மேனை எடுத்துக் காதில் மாட்டிக்கொள்கிறான், பெரிய கடைக்குள் போய் அலமாரி அலமாரியாகப் பார்த்துக்கொண்டே நடக்கிறான். ஒன்றுமே நடக்கவில்லை என்று சிலர் பாதியில் விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். எனக்கு அந்த வேகம்தான் சரியாகப் பட்டது. ஜன்னல் இல்லாத ஓர் அறையில், அடுத்து எப்போது கூட்டிக்கொண்டு போய்க் கொல்வார்கள் என்று இருபது வருடம் காத்திருந்த ஒருவனுக்கு நேரம் நம்முடையதைப் போல ஓடாது. ஏடன் யங் என்ற நடிகர் அதை உடம்பில் கொண்டுவந்திருக்கிறார். பேசுவதற்கு முன்னால் ஒரு தயக்கம், கேள்வி கேட்டால் அதையே கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்ப்பது போல ஒரு பார்வை, புத்தகத்தில் படித்தே பேசக் கற்றவனின் நீளமான வாக்கியங்கள். எழுதி உருவாக்கிய ரே மெக்கின்னனும் ஒரு நடிகர்தான், ஜார்ஜியாக்காரர். அந்த ஊர்க்காரர்கள் பேசும் விதம், தேவாலயம், டயர் கடை எல்லாம் உள்ளிருந்து பார்த்தவர் எழுதியது என்று தெரிகிறது.

சிறைக் காட்சிகள் இடையிடையே வருகின்றன. பக்கத்து அறையில் கெர்வின் என்று ஒரு கறுப்பினக் கைதி. சுவரில் இருக்கும் காற்றுத் துளை வழியாகப் பேசிப் பேசியே இருவரும் நண்பர்கள் ஆகிறார்கள். ஒரு நாள் கெர்வினைக் கொண்டுபோகிறார்கள். நீ அதைச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும் என்று போகிற வழியில் டேனியலிடம் சொல்லிவிட்டுப் போகிறான். வக்கீல், டி.என்.ஏ., நீதிமன்றம் எதுவும் சொல்லாத அந்த வார்த்தையை, தன் சாவுக்கு நடந்துபோகிறவன் சொல்கிறான். அந்த எபிசோடுக்கு அப்புறம் நான் அன்றைக்கு வேறு எதுவும் பார்க்கவில்லை.

சரி, நான் சொல்ல வந்த விஷயம் இரண்டாவது சீசனின் கடைசியில் வருகிறது. அரசுத் தரப்பு ஒரு பேரம் வைக்கிறது. கொலையைச் செய்தேன் என்று ஒப்புக்கொள், இதுவரை சிறையில் இருந்த காலமே தண்டனையாகக் கணக்கு வைத்துக்கொள்கிறோம், ஆனால் ஊரை விட்டுப் போய்விட வேண்டும். மறுத்தால் மறுபடி விசாரணை, மறுபடி அதே ஊர் மக்களிலிருந்து ஜூரி, மறுபடி மரண தண்டனைக்கு வாய்ப்பு. டேனியல் ஒத்துக்கொள்கிறான். கையெழுத்தோடு விடுவதில்லை, எப்படிக் கொன்றாய் என்று வாயால் சொல்லவும் வைக்கிறார்கள். ஒரு மேசை, இரண்டு பக்கமும் வக்கீல்கள், நடுவில் இவன். பதினெட்டு வயதில் ஓர் அறைக்குள் போலீஸ் எதைச் செய்ததோ, அதையே முப்பத்தெட்டு வயதில் கோட்டு சூட்டுப் போட்டவர்கள் மரியாதையாகச் செய்கிறார்கள்.

இதைக் கதைக்காக மிகைப்படுத்தியதாக நினைக்க வேண்டாம். ஆர்கன்சாஸ் மாநிலத்தின் வெஸ்ட் மெம்ஃபிஸ் வழக்கைப் பாருங்கள். 1993இல் மூன்று சிறுவர்கள் கொல்லப்பட்டார்கள். மூன்று பதின்வயதுப் பையன்கள் 1994இல் தண்டிக்கப்பட்டார்கள், அவர்களில் டேமியன் எக்கோல்ஸுக்கு மரண தண்டனை. அந்த வழக்கிலும் அடித்தளம் ஒரு வாக்குமூலம்தான், மூவரில் ஒருவனை நீண்ட நேரம் விசாரித்து வாங்கியது. பிற்பாடு எடுத்த டி.என்.ஏ. சோதனை எதுவும் இவர்களோடு பொருந்தவில்லை. புது விசாரணை வரும் என்ற நிலையில், 2011 ஆகஸ்டில் ஒரு பேரம். நான் நிரபராதி என்று சொல்லிக்கொண்டே, ஆனாலும் அரசிடம் இருக்கும் ஆதாரம் என்னைத் தண்டிக்கப் போதும் என்று ஏற்றுக் குற்றத்தை ஒப்புக்கொள்வது. ஆல்ஃபர்ட் முறை என்பார்கள், 1970இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லும் என்று சொன்ன வழி. பதினெட்டு வருடச் சிறைவாசம் தண்டனையாகக் கழிந்தது, மூன்று பேரும் வெளியே வந்தார்கள். ஆனால் சட்டத்தின் ஏட்டில் அவர்கள் கொலைகாரர்கள்தான். தப்பான தண்டனைக்கு அரசிடம் நஷ்டஈடு கேட்கும் வழியும் அத்தோடு அடைபட்டது.

மூவரில் ஜேசன் பால்ட்வின் முதலில் அதை ஏற்கவே இல்லை. 1994 விசாரணையின்போதே, எக்கோல்ஸுக்கு எதிராகச் சாட்சி சொன்னால் தண்டனையைக் குறைக்கிறோம் என்றபோது மறுத்தவர் அவர். பதினாறு பதினேழு வயதில். 2011இலும் பொய்யாக ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை, கடைசியில் மரண தண்டனை அறையில் இருக்கும் நண்பனைக் காப்பாற்றத்தான் சம்மதித்தார். இது நீதி இல்லை என்று வெளியே வந்த அன்றே பத்திரிகையாளர்கள் முன்னால் சொன்னார். இதைப் படித்தபின் டேனியல் பேரத்தை ஏற்கும் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தேன். அவனை முதுகெலும்பு இல்லாதவன் என்று திட்டுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பேரத்தை ஏற்ற அவன் மேல் அப்படியொரு ஏமாற்றம் தொடருக்குள்ளேயே ஒரு பாத்திரத்துக்கு இருக்கிறது, அதுதான் இதன் பெரிய பலம். தங்கை அமாந்தா. சின்னப் பெண்ணாக இருந்தபோது அண்ணன் உள்ளே போனான், அவள் இளமை முழுக்க அவனை வெளியே கொண்டுவருவதிலேயே போனது. அவளுக்கு வேண்டியது தீர்ப்பு, முழுசாக, கறையில்லாமல். அண்ணனோ களைத்துப் போனவன், அவனுக்கு வேண்டியது இது முடிவதுதான். அபிகேல் ஸ்பென்சர் நடித்த அந்த ஏமாற்றத்தில் சுயநலமும் பாசமும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கிறது. நீதிக்காகப் போராடுகிறவனும் அந்த நீதி தேவைப்படுகிறவனும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை என்பதை இந்த இருவரை வைத்துத்தான் எனக்குப் புரிந்தது.

டேனியலைப் புனிதனாகவும் காட்டவில்லை. மாற்றாந்தகப்பனின் மகன் டெட்டி சிறையைப் பற்றிக் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்கப்போய், டேனியல் டயர் கடையில் வைத்து அவனைக் கழுத்தை நெரித்து மயக்கமாக்கி அசிங்கப்படுத்துகிறான். பார்க்கவே கஷ்டமான காட்சி. இவன் நிரபராதியா என்ற சந்தேகம் நமக்கே வர வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். இன்னும் மோசம், அந்தச் சந்தேகம் டேனியலுக்கே இருக்கிறது. நான்காவது சீசனில் நாஷ்வில்லில், சிறையிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து தங்கும் ஒரு வீட்டில் இருக்கிறான். அங்கே பொறுப்பாளரிடம் மனம் திறக்கும்போது, அந்தப் பெண்ணை நான் கொன்றேனா இல்லையா என்று எனக்கே நிச்சயமில்லை என்கிறான். நீதான் செய்தாய் என்று உலகமே இருபது வருடம் சொன்னால், சொந்த ஞாபகத்தையே நம்ப முடியாமல் போகிறது. டி.என்.ஏ. சோதனையால் நிரபராதி என்று தெரியவந்த அமெரிக்கர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் பொய் வாக்குமூலம் கொடுத்தவர்கள் அல்லது அப்படிப்பட்ட வாக்குமூலத்தால் மாட்டியவர்கள். செய்யாதவன் ஏன் செய்தேன் என்று சொல்வான் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு பாத்திரத்தைக் காட்டலாம்.

குறை இல்லாமல் இல்லை. மூன்றாவது சீசனில் ஷெரிஃப் டாகெட் துப்புத் துலக்கும் பகுதி கொஞ்சம் இழுவை. ஆனால் அதற்குள்ளும் ஒரு குரூரம் ஒளிந்திருக்கிறது. டேனியலுக்கு எதிராகச் சாட்சி சொன்ன ஜார்ஜ் முதல் சீசனிலேயே தன்னைத்தானே சுட்டுக்கொண்டு செத்தவன், அதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். இப்போது அவனைக் கொன்றதாக அவன் கூட்டாளி ட்ரேயைக் கைது செய்கிறார்கள். ட்ரே நல்லவன் இல்லை, அவன் மேல் நமக்கு வெறுப்புதான். அதனால் அந்தக் கைதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம், ஒரு நிமிடம் கழித்துத்தான் செய்யாத கொலைக்கு இன்னொருவன் மாட்டுகிறான் என்று உறைக்கிறது. இதை ஒரு வசனம் கூட எடுத்துச் சொல்வதில்லை.

கடைசி சீசன் ரொம்ப இனிப்பாகிவிட்டது என்று ஒரு விமர்சனம் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடைசியில் நடப்பதெல்லாம், வழக்கை மறுபடி விசாரிக்கப் போவதாக அரசு வழக்கறிஞர் அறிவிப்பதுதான். டேனியல் கொடுத்த ஒப்புதல் அப்படியே கிடக்கிறது, தீர்ப்பு மாறவில்லை, யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவன் ஒரு கிடங்கில் வேலைக்குப் போகிறான், மனநல ஆலோசகரிடம் போகிறான், சிறையில் தனக்கு நடந்ததை வாய்விட்டுச் சொல்கிறான். இது இனிப்பு என்றால் எனக்கு அது போதும்.

பார்க்க நினைப்பவர்கள் ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒன்று, முடிந்தால் அதற்கும் கம்மி. முதல் சீசனின் கடைசியில், அப்பாவின் கல்லறைக்குப் போன டேனியலை ஹன்னாவின் தம்பி ஆட்களோடு வந்து அடிக்கும் இடத்தில் நிச்சயம் கொஞ்சம் நிறுத்துவீர்கள். அந்தத் தம்பியின் பக்கமும் யோசித்துவிட்டு இரண்டாவது சீசனுக்குப் போங்கள், ஏனென்றால் அக்காவை இழந்த அவனுக்கும் இந்த வழக்கு உண்மையைக் கொடுக்கவே இல்லை.