தீசிஸில் முதலில் எழுதியது படக்குறிப்புகளைத்தான்

தீசிஸை முன்னுரையில் தொடங்காதே என்று கைடு முதலிலேயே சொல்லிவிட்டார். "படங்களை மேசையில் பரப்பு. எந்த வரிசையில் பார்த்தால் அந்தப் பாறைக்கு என்ன நடந்தது என்று புரிகிறதோ, அதுதான் அத்தியாய வரிசை" என்றார். சரி என்று முதலில் படங்கள், அவற்றின் கீழே குறிப்புகள், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

என் தலைப்பு, கார்னெட் என்ற கனிமம் உள்ள உருமாறிய பாறைகள், அதாவது வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறியவை. நுண்ணோக்கிப் படங்களுக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தபோதுதான் உண்மையான வேலை எது என்று பிடிபட்டது. தின் செக்‌ஷனின் (ஒளி ஊடுருவும்படி தேய்த்த பாறைச் சீவலின்) தடிமன் 0.03 மி.மீ. சரியாகத் தேய்த்திருந்தால், குறுக்கு போலரைசர்களுக்கு (ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த இரு ஒளி வடிகட்டிகளுக்கு) நடுவே குவார்ட்ஸ் சாம்பலும் வெள்ளையுமாகத் தெரியும். மஞ்சள் தட்டினால் தடிமன் கூடுதல். கார்னெட்டோ எப்படிச் சுழற்றினாலும் கறுப்புதான். அந்தக் கறுப்புக்குள் சிக்கிய குவார்ட்ஸ் பொடிகள் எஸ் வடிவில் வளைந்து கிடந்தன. 'கார்னெட் சுழன்றபடியே வளர்ந்தது' என்று எழுதக் கை பரபரக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரிவது வளைவு மட்டுமே. சுழன்றது கார்னெட்டா, சுற்றியிருந்த பாறையா என்பது துறைக்குள் நெடுநாளாக ஓடும் சண்டை. ஆகவே வளைவு 'முடிவுகள்' அத்தியாயத்துக்கு, சுழற்சி 'விவாதம்' அத்தியாயத்துக்கு.

சுழற்சி எந்தத் திசையில் என்று பேச வேண்டுமானால், பாறையை உடைத்து எடுக்கும் முன்பே அதன் மேல் ஸ்ட்ரைக், டிப் கோடுகளை (பாறை அடுக்கு எந்தத் திசையில் ஓடுகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்ற குறிகளை) மார்க்கரால் போட்டிருக்க வேண்டும். கோடில்லாத சாம்பிளை வைத்து அந்த வாதத்தைத் தொடவே முடியாது. எவ்வளவு அழகான கார்னெட்டாக இருந்தாலும் சரி.

பாறை எந்த வெப்பநிலையில் உருமாறியது என்ற கணக்கும் இப்படித்தான். கார்னெட்டும் பயோடைட் என்ற கறுப்பு மைக்காவும் இரும்பையும் மக்னீசியத்தையும் பங்கிட்டுக்கொள்ளும் விகிதத்தில் இருந்து வெப்பநிலை கிடைக்கும். ஸ்ப்ரெட்ஷீட் தசமப்புள்ளி வரை காட்டும். முறையின் பிழையோ சுமார் 50 டிகிரி இந்தப் பக்கம், அந்தப் பக்கம். தசமத்தை வெட்டிவிட்டேன். அதைவிட முக்கியம், அளந்த புள்ளி எங்கே என்பது. ஒட்டியிருக்கும் கார்னெட் விளிம்பும் பயோடைட்டும் பாறை ஆறும்போதும் பரிமாறிக்கொண்டே இருக்கும். அங்கே அளந்தால் உச்ச வெப்பநிலை கிடைக்காது. அதனால் அட்டவணையில் 'நடு, விளிம்பு' என்று ஒரு பத்தி, 'ஒட்டியதா, தள்ளியதா' என்று இன்னொன்று.

முன்னுரையும் சுருக்கமும் கடைசியில் சீக்கிரமே முடிந்தன. வைவாவில் வெளித் தேர்வாளர் முதலில் விரல் வைத்தது அந்த அட்டவணையில்தான். "இந்தப் பயோடைட் எங்கிருந்தது?" என்றார். இரண்டாவது பத்தியைக் காட்டினேன். அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.